பழுதின் வேர்

நுழையும்முன்

உழவர், வணிகர், தொழிலாளர், மாணவர் எனப் பலருடைய அன்றாட வாழ்வும் இன்று இருசக்கர ஊர்தியைச் சார்ந்துள்ளது. அது நடுவழியில் நின்றுவிட்டால் ஒருநாள் வேலையே தடைப்படும். பழுதைச் சரிசெய்யக் கைத்திறன் வேண்டும். அதற்கு முன்னர்ப் பழுது எதுவெனக் கண்டறிய ஒழுங்கான சிந்தனை வேண்டும். அச்சிந்தனையின் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

மூடியில் ஒளிந்த பழுது

கார்புரேட்டர் பொருத்திய மோட்டார் சைக்கிள் ஒன்று புறப்படும்போது நன்றாக ஓடுகிறது. சில கிலோமீட்டர் சென்றதும் தடுமாறி நின்றுவிடுகிறது. உரிமையாளர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார். வண்டி கிளம்புகிறது. பிளக்தான் காரணம் என அவர் முடிவு செய்கிறார். மறுநாள் ஏறக்குறைய அதே தொலைவில் வண்டி மீண்டும் நிற்கிறது. இம்முறை கார்புரேட்டரைக் கழற்றித் தூய்மை செய்கின்றனர். வண்டி ஓடுகிறது, பிறகு மீண்டும் நிற்கிறது. பணமும் பொழுதும் செலவாயினவே தவிரப் பழுது அகலவில்லை.

அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவர் இச்செய்தியை முழுமையாகக் கேட்கிறார். வண்டி நின்ற இடத்திலேயே எந்தப் பொருளையும் கழற்றாமல், பெட்ரோல் டேங்கின் மூடியை மட்டும் திறக்கிறார். காற்று உள்ளே புகும் 'உஸ்' என்னும் ஓசை எழுகிறது. சற்று நேரத்தில் வண்டி ஓடுகிறது. மூடியில் இருந்த நுண்துளை தூசியால் அடைபட்டிருந்ததே உண்மையான காரணம்.

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். துளை அடைபட்டால் டேங்கின் உள்ளே அழுத்தம் குறைகிறது. பெட்ரோல் இறங்குவது தடைப்படுகிறது. வண்டி சிறிது நேரம் நின்றிருந்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே செல்லும்; பெட்ரோலும் மீண்டும் இறங்கும். பிளக்கை மாற்றிய நேரத்திலும் கார்புரேட்டரைத் தூய்மை செய்த நேரத்திலும் நிகழ்ந்தது இதுவே. வண்டியை ஓடச் செய்தது புதிய பிளக் அன்று; அதை மாற்றுவதற்கு ஆன நேரம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவே அந்த வெற்றிகள் அமைந்தன. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததனாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. பழுது பார்ப்போர் முதலில் உணர வேண்டிய உண்மை இது.

மூன்று தேவைகள்

செருமானியரான நிக்கோலாஸ் ஆட்டோ 1876ஆம் ஆண்டு வெற்றிகரமாக உருவாக்கிய நான்கு ஸ்ட்ரோக் என்ஜினின் நெறியிலேயே இன்றைய பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களும் இயங்குகின்றன. உறிஞ்சுதல், அமுக்குதல், எரிந்து ஆற்றல் தருதல், புகையை வெளியேற்றுதல் என்பன அதன் நான்கு நிலைகள். இவை நிகழ மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். காற்றும் பெட்ரோலும் தக்க அளவில் கலத்தல் ஒன்று. அக்கலவை போதிய அளவு அமுக்கப்படுதல் மற்றொன்று. உரிய நேரத்தில் தீப்பொறி தோன்றுதல் இன்னொன்று. பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப் போல் ஏறத்தாழ 14.7 மடங்கு எடையுள்ள காற்று தேவைப்படுகிறது.

என்ஜின் கிளம்பவில்லை எனில், இம்மூன்றுள் எது குறைகிறது என்பதே முதல் வினா. இவ்வினா பழுதைத் தேடும் பரப்பைச் சுருக்கிவிடுகிறது.

எளியதிலிருந்து அரியதற்கு

சோதனைகள் எளியவற்றில் தொடங்க வேண்டும். பெட்ரோல் இருக்கிறதா, அதன் குழாய் திறந்திருக்கிறதா, என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் அணைந்த நிலையில் உள்ளதா என்பவற்றைப் பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தும்போது 'டிக் டிக்' என்னும் ஓசை மட்டும் கேட்டு முகப்பு விளக்கும் மங்கினால், பேட்டரியின் மின்திறன் குறைந்திருக்கலாம். அதன் இணைப்பு தளர்ந்தோ களிம்பேறியோ இருக்கலாம். எளிய காரணங்களை விலக்கிய பின்னரே என்ஜினின் உட்பகுதியை ஐயுற வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்தல் மற்றொரு நெறி. பிளக், வடிகட்டி, பெட்ரோல் குழாய் மூன்றையும் ஒருசேர மாற்றினால் வண்டி ஓடக்கூடும்; எதனால் ஓடியது என்பது தெரியாமலே போகும்.

அறிகுறிகளின் மொழி

கழற்றிய பிளக்கின் முனை இளம்பழுப்பு நிறத்தில் இருந்தால் எரிதல் சீராக நிகழ்கிறது எனலாம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகவோ காற்று குறைவாகவோ செல்கிறது. காற்று வடிகட்டி அடைபட்டிருத்தல் இதற்கு ஒரு காரணம். எண்ணெய்ப் பிசுக்குடன் கருமையாக இருந்தால் என்ஜின் ஆயில் எரியறைக்குள் புகுகிறது. முனை வெளுத்திருப்பது மிகை வெப்பத்தைக் குறிக்கும்.

சைலன்சரின் புகையும் இவ்வாறே பேசுகிறது. கரும்புகை பெட்ரோல் மிகுதியையும், நீலப்புகை ஆயில் எரிவதையும் காட்டும். குளிர்ந்த காலைப் பொழுதில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்புகை பெரும்பாலும் நீராவியே. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

மறைத்தலும் நீக்குதலும்

டிரம் வகைப் பின்பிரேக்கின் மிதி நாளடைவில் அதிகமாக இறங்கும். கம்பியின் முனையில் உள்ள நட்டைத் திருகினால் பிரேக் மீண்டும் பிடிக்கும். இது முறையான பராமரிப்பே. ஆயினும், ஒவ்வொரு முறை திருகும்போதும் உள்ளே இருக்கும் பிரேக் ஷூ தேய்ந்துகொண்டே வருகிறது. பல வண்டிகளில் இத்தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி ஒன்று டிரம்மின் வெளிப்புறத்தில் உண்டு. அக்குறி எல்லையைத் தொட்ட பின்னரும் நட்டை மட்டும் திருகுவது பழுதை மறைப்பதாகும், நீக்குவதாகாது. மறைக்கப்பட்ட பழுது, குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும் கணத்தில் வெளிப்படக்கூடும். டிஸ்க் பிரேக்கின் பிடி பஞ்சுபோல் அமுங்கினால் திரவக்குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் உடனே காட்ட வேண்டும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தும் அமைப்பு பிடித்தது. பழுது நேர்ந்தால் எச்சரிக்கை விளக்கு ஒளிர்கிறது. கருவி பழுதின் குறியீட்டைக் காட்டுகிறது. எனினும், சென்சார் ஒன்றின் பெயரைக் குறியீடு காட்டினால் அந்தச் சென்சாரே கெட்டுவிட்டது எனக் கொள்ளுதல் கூடாது. அதற்குச் செல்லும் கம்பி அறுந்திருக்கலாம். கருவி தருவது அறிகுறியே. காரணத்தைத் தேடும் பொறுப்பு மனிதருடையது.

நோயைச் சரியாக அறிந்து, அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செயற்பட வேண்டும் எனத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அறிவுறுத்துகிறது. மருத்துவர்க்கு உரிய அந்நெறி, கையில் ஸ்பேனருடன் சாலையோரம் அமர்ந்திருக்கும் மெக்கானிக்குக்கும் உரியதே. கேட்டறிந்து, காரணத்தை ஊகித்து, சோதித்துப் பார்த்து, தவறெனில் ஊகத்தைக் கைவிடும் நேர்மை உடையவரிடமே பழுதின் வேர் பிடிபடுகிறது.

தெரியுமா?

அமெரிக்க எழுத்தாளர் இராபர்ட் பிர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 1974இல் வெளிவந்தது. தந்தையும் மகனும் மேற்கொண்ட மோட்டார் சைக்கிள் பயணத்தைக் கூறும் அந்நூல், பழுது கண்டறிதலை அறிவியல் ஆய்வு முறையோடு இணைத்துப் பேசுகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் உள்ள மெக்கானிக் ஒருவரைச் சந்தித்து, அவர் பழுதைக் கண்டறியும் படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.

2. 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தாற்போல' என்னும் தொடருக்குப் பொருந்தும் நிகழ்வொன்றை அன்றாட வாழ்விலிருந்து எடுத்துரைக்க.