நஞ்சன்கூட்டைத் தாண்டினால் எந்த முதலுதவிப் பை?

மைசூரிலிருந்து ஊட்டிக்கோ வயநாட்டுக்கோ போகிறவர்கள் நஞ்சன்கூட்டில் நிறுத்தி ஸ்ரீகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். முதலுதவிப் பையைப் பொறுத்தவரை இந்த ஊர்தான் எல்லைக்கோடு. வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் மைசூரின் பெரிய ஆஸ்பத்திரிகள். தெற்கே குண்டலுப்பேட்டை வரை ஊர்கள் உண்டு. அதற்கப்பால் பந்திப்பூர், முதுமலை என்று காடு. உள்ளே பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சாலையையே மூடிவிடுவார்கள். ஆம்புலன்ஸை விடுவார்கள், ஆனால் கைகாட்டி நிறுத்த வேறு வண்டி கிடைப்பது அரிது. எனவே பையில் என்ன வைப்பது என்று யோசிக்கும் முன், அடிபட்டவரை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

கோயிலுக்கு வந்து கபிலா ஆற்றில் குளித்துவிட்டு மாலையே மைசூர் திரும்புகிறவர்களுக்குக் கடையில் விற்கும் ரெடிமேட் பெட்டி போதும். படித்துறையில் வழுக்கி முட்டி சிராய்ந்தால் பேண்ட் எயிடும் ஆயின்மென்ட்டும் சமாளித்துவிடும். பைக்கில் தெற்கே போகிறவர்களுக்கு அது உதவாது. பெட்டியைத் திறந்து பாருங்கள்: பேண்ட் எயிட் நிறைய, கொஞ்சம் பஞ்சு, ஒல்லியான ஒரு பேண்டேஜ் சுருள், நகம் வெட்டக்கூடக் காணாத கத்தரிக்கோல். மலைப்பாதை வளைவில் ஜல்லியில் சறுக்கி விழுந்தவரின் முழங்கை உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருக்கும். அங்கே பேண்ட் எயிடால் என்ன செய்ய முடியும்? மெடிக்கல் ஷாப்பில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதே மேல் என்பேன். எது எதற்கு என்று அப்போதே மனதில் பதியும், பதற்றத்தில் கை தேடாது.

பஞ்சா, காஸ் துணியா என்றால் காஸ்தான். பஞ்சின் இழை காயத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு எடுக்கும்போது வாட்டும். தனித்தனியாக உறையிட்ட ஸ்டெரைல் காஸ் பத்துப் பன்னிரண்டு, 10 செ.மீ. அகலத்திலும் 15 செ.மீ. அகலத்திலும் பேண்டேஜ் சுருள், ஒரு மைக்ரோபோர் டேப், இரண்டு ஜோடி கையுறை, துணியை வெட்டும் அளவுக்குப் பெரிய கத்தரிக்கோல். ரத்தம் நிற்க மருந்து எதுவும் வேண்டாம். காஸை நாலைந்து மடிப்பாகக் காயத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 10 நிமிடம். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி உடைந்து வரும். காஸ் நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். பத்துப் பன்னிரண்டு கேட்டது அதற்காகத்தான். கையைத் தொங்கவிட்டுக் கட்ட முக்கோணத் துணியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, தோளில் கிடக்கும் துண்டு போதும்.

காயத்தைக் கழுவ டெட்டாலா, ஸ்பிரிட்டா, பீட்டாடினா என்று பலரும் கேட்கிறார்கள். முதலில் ஒரு லிட்டர் குடிநீர். மண்ணும் ஜல்லித் துகளும் போகும்வரை ஊற்றிக் கழுவுங்கள். அதன் பிறகு பீட்டாடின் ஆயின்மென்ட் சின்ன ட்யூப் ஒன்று போதும். ஸ்பிரிட் திறந்த காயத்தில் எரிச்சலைத் தவிர வேறு பலன் தராது. குரங்கோ நாயோ கடித்தால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து ஒரு துண்டு சோப்பு. 15 நிமிடம் சோப்பும் தண்ணீருமாகக் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும்.

அதிகமாக ஏமாறுகிற இடம் ஓஆர்எஸ். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். அதன் பலம் அளவில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் சொல்லும் கணக்கில், ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, மொத்தம் 20.5 கிராம். கடையில் இதற்குப் பக்கத்திலேயே ஓஆர்எஸ் என்ற அதே பெயரைப் பெரிதாகப் போட்டு, பல மடங்கு சர்க்கரையோடு டெட்ரா பாக்கெட் பானங்கள் விற்றன. வயிற்றுப்போக்கில் அவ்வளவு சர்க்கரை போனால் நிலைமை மோசமாகும். ஹைதராபாத் குழந்தைநல டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடிய பிறகுதான், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள். உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா, எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீருக்கு என்று படித்து வாங்குங்கள்.

பொடியிலும் இரண்டு அளவு உண்டு. குடும்பமாகப் போனால் ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட் சரி, தண்ணீர் பாட்டில்தான் அளவு. தனியாகப் போனால் 200 மில்லிக்கான சிறியதே வசதி. பெரிய பாக்கெட்டில் பாதியைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப்போகும். குழந்தைக்கு அது ஆபத்து. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். நஞ்சன்கூட்டுப் பங்குனித் தேரின்போது வெயிலில் நிற்கிறவர்களுக்கும் இதுதான் முதல் துணை.

வலிக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. டெங்குக் காய்ச்சலிலும் பாம்புக்கடியிலும் அவற்றைத் தொடவே கூடாது. அரிப்புக்குச் செட்ரிஸின். சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகிறவர்கள் வாந்தி மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், ஓட்டுபவருக்குக் கூடாது.

பாம்புக்கடிக்கென்று பிளேடும் உறிஞ்சு குழலும் வைத்த கிட் விற்கிறார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். கீறினால் ரத்தப்போக்கு கூடும், உறிஞ்சுவதால் விஷம் வெளியே வராது. இறுக்கிக் கட்டும் கயிறும் வேண்டாம். விரியன் கடித்த காலைக் கட்டினால் காலே போகலாம். விஷமுறிவு மருந்தைப் பையில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அது நரம்பில் ஏற்ற வேண்டியது, கடும் ஒவ்வாமை வரலாம், டாக்டர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். நீங்கள் எடுத்துப்போக வேண்டியது 10 செ.மீ. கிரேப் பேண்டேஜ் இரண்டு. எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல, ஒரு கம்பையோ சுருட்டிய செய்தித்தாளையோ சேர்த்துக் காலை அசையாமல் தளர்வாகக் கட்டவும் அது உதவும், சுளுக்குக்கும் உதவும். மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள். நடக்க விடாமல் வண்டியில் ஏற்றுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2024இல் கர்நாடக அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. விஷயத்தின் தீவிரம் அவ்வளவு.

உண்ணிக்கு முனை மெல்லிய இடுக்கி வேண்டும். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சியால் சுட வேண்டாம். 1957இல் சிவமொக்கா பக்கம் கண்டறிந்த கியாசனூர் காட்டுக் காய்ச்சல் உண்ணியால்தான் பரவுகிறது. மழைக்காலத்தில் வயநாட்டுப் பக்கம் அட்டை ஏறினால் உப்புப் பொட்டலம் போதும். விழுந்த பின்னும் ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம்.

மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போகிறவர்களுக்குப் பாதம்தான் முழுக்கவலை. பேண்ட் எயிட் வியர்வையில் கழன்றுவிடும். நடக்கத் தொடங்கும் முன்பே குதிகாலிலும் விரலிலும் மைக்ரோபோர் டேப்பை ஒட்டுவது எவ்வளவோ மேல். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காமல் காஸ் வைத்து ஒட்டுங்கள்.

பிளாஸ்டிக் டப்பாவா, ஜிப் பையா என்றால் காருக்கு டப்பா, பைக்குக்கும் நடைக்கும் பை. மாத்திரைகளைப் பைக் பெட்டியின் வெக்கையில் மாதக்கணக்கில் போட்டுவைக்காமல் பயணத்தன்று எடுத்து வையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களின் சொந்த மருந்தும் இன்ஹேலரும் இரண்டு நாளைக்குக் கூடுதலாக இருக்கட்டும். ஒரு தாளில் ஆம்புலன்ஸ் எண் 108, ஒவ்வொருவரின் ஒவ்வாமை, வழியில் எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து கிடைக்கும் என்பதை நஞ்சன்கூட்டிலேயே விசாரித்து எழுதிப் பையின் மேலேயே செருகுங்கள். காட்டுக்குள் போன் அதைக் காட்டாது.