கடல்நீர்த் தொட்டியில் கால்ஷியத்தை அளத்தல்

வீட்டில் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் உயிர்களை வளர்ப்போர் நீரின் தெளிவைக் கொண்டே அதன் நலத்தை மதிப்பிடுவதுண்டு. கால்ஷியக் குறைவோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மீன்கள் வழக்கம்போல் இரை தின்று திரியும். பாறைமேல் செந்நிறமாகப் படரும் சுண்ணப்பாசி மட்டும் வளர்ச்சி குன்றும். சிப்பியின் ஓட்டு விளிம்பு மெலியும். இக்குறிகள் தோன்றும்போது கேடு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். மீன் மட்டுமே வாழும் தொட்டிக்கு இச்சோதனை அவசியமன்று. ஓடும் சுண்ணக்கூடும் கட்டும் உயிர்கள் உள்ள தொட்டிக்கே அது வேண்டும்.

ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள இயற்கைக் கடல்நீரில், லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்ஷியம் உண்டு. உப்பு குறைந்தால் இதுவும் அதே விகிதத்தில் குறையும். பெருமழைக்குப்பின் கரையோரத்தில் முகந்த நீரில் அளவு தாழ்ந்திருப்பது இதனாலேயே. ஆகவே முதலில் உப்பளவைப் பார்த்தல் வேண்டும். ஆவியான நீருக்கு ஈடாகக் கடினத்தன்மை மிகுந்த கிணற்றுநீரை ஊற்றிவந்தால், நாளடைவில் கால்ஷியம் சேர்ந்துகொண்டே போகும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

அளக்கும் முறைக்கு அடிப்படை, 1940-களில் ஸூரிச் நகரில் ஷ்வார்ட்ஸன்பாக் என்னும் இரசாயன அறிஞர் வகுத்த ஆய்வாகும். ஈ.டி.டி.ஏ. என்னும் பொருள் கால்ஷியத்தை ஒன்றுக்கு ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் மக்னீஷியத்தையும் அது பற்றும். கடல்நீரில் மக்னீஷிய அணுக்கள் கால்ஷிய அணுக்களைப்போல் ஐந்து மடங்கு உள்ளன! எனவே ஸோடியம் ஹைட்ராக்ஸைடைச் சேர்த்து நீரை வன்காரமாக்கி, மக்னீஷியத்தை வெண்மையான வீழ்படிவாக ஒதுக்கிவிடுகின்றனர். கடைகளில் விற்கும் சோதனைப் பெட்டிகள் பலவும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

பிப்பெட்டால் 10 மில்லிலிட்டர் தொட்டிநீரை எடுத்து, 40 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரைக் கலக்க வேண்டும். ஒரு நார்மல் ஸோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசல் 4 மில்லிலிட்டரும், கால்கான் என்ற நிறங்காட்டி சிறிதும் சேர்த்தால் கலவை இளஞ்சிவப்பாகும். பின்பு 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலைப் பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். சிவப்பு ஊதாவாகி, இறுதியில் தெளிந்த நீலமாகும். ஊதாவிலேயே நிறுத்திவிடுவது புதியவர் செய்யும் பிழை. மஞ்சள் விளக்கொளியில் இந்நிறங்கள் ஏமாற்றும்; பகலொளியில், வெள்ளைத்தாளின்மேல் குடுவையை வைத்துப் பார்ப்பதே நன்று.

கணக்கு எளிது. செலவான மில்லிலிட்டரை 40 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது கிடைக்கும். 9.5 மில்லிலிட்டர் செலவாயின் 380 மில்லிகிராம். ஒரே அளவை நம்பாமல் இருமுறை செய்தல் வேண்டும். திறந்துவைத்த ஸோடியம் ஹைட்ராக்ஸைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று வலுவிழக்கும்; அப்போது மக்னீஷியமும் கணக்கில் சேர்ந்து அளவு பொய்யாக உயரக்கூடும். தோலையும் கண்ணையும் எரிக்கும் அக்கரைசல் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

பலர் கால்ஷியத்தை மட்டும் அளந்து அமைதியடைகின்றனர், இது போதாது. ஓட்டுக்குக் கார்பனேட்டும் தேவை. கால்ஷியம் 20 மில்லிகிராம் குறையும்போது, அது தன் இருப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. அதே வேளையில் நீரின் காரத்திறனோ, இயற்கைக் கடல்நீரில் உள்ளதில் ஐந்தில் இரண்டு பங்கு செலவாகிவிடும். ஆதலால் காரத்திறனை அடிக்கடியும், கால்ஷியத்தைச் சற்று இடைவெளி விட்டும் சோதிப்பதே முறை.

நூறு லிட்டர் நீரில் 380-ஐ 420 ஆக உயர்த்த 4 கிராம் கால்ஷியம் வேண்டும். இரு நீர்மூலக்கூறுகள் கொண்ட கால்ஷியம் குளோரைடாயின் சுமார் 15 கிராம். இதைத் தூய நீரில் கரைத்து, ஆறவைத்து, இரண்டு மூன்று நாட்களில் பகிர்ந்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெல்ல ஊற்ற வேண்டும். சோதிக்காமல் அள்ளிப் போட்டால் கால்ஷியம் கார்பனேட்டாகிப் பனிபோல் உதிர்ந்து, பம்பிலும் சூடேற்றியிலும் கெட்டியாகப் படியும். அப்பொழுது சேர்த்த கால்ஷியம் வீணாவதோடு, நீரின் காரத்திறனும் சரிந்துவிடும்.