நகர்மன்றக் கூட்டம்

சேர்வராயன் மலையடிவாரம் தொடங்கிக் காவிரிக் கரை வரையில் பரந்து கிடக்கும் சமவெளியில் சேலம், ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, எடப்பாடி முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. தறியோசை கேட்கும் தெருக்களும், மரவள்ளியும் நிலக்கடலையும் விளையும் புன்செய்களும் சூழ்ந்த ஊர்கள் அவை. இவ்வூர்களுள் எதற்குச் சென்றாலும் பேருந்து நிலையத்திற்குச் சிறிது தொலைவில் ஒரு பழைய கட்டடத்தைக் காணலாம். வரி செலுத்த வந்தோர் ஒரு புறம் நிற்பர். பிறப்புச் சான்று பெற வந்தோர் மற்றொரு புறம் நிற்பர். அக்கட்டடத்தின் உள்ளே நீண்டதொரு கூடம் உண்டு. அக்கூடத்தில்தான் நகர்மன்றம் கூடுகிறது.

சட்டமன்றத்தில் நிகழும் சொற்போரைச் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக வெளியிடும். நகர்மன்றக் கூட்டமோ, உறுப்பினர் எவரேனும் வெளிநடப்புச் செய்தாலன்றி, ஒரு மூலையில் நான்கு வரியோடு முடிந்துவிடும். அங்கே பேசப்படுவன சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் ஆகியவையே. இவற்றில் அறிவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை காண வேண்டுமாயின், முதலில் கூட்டப்பொருள் எனப்படும் தாளைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும்.

கூட்டம் நடைபெறும் நாளுக்கு முன்னரே இத்தாள் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அனுப்பப்படும். எந்த நாள், எந்த நேரம், எந்தெந்தப் பொருள் என்பன அதில் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். முதற்பொருள் சென்ற மாதத்துப் பிறப்பு இறப்புக் கணக்காக இருக்கலாம். அது “மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுகிறது” என்றிருக்கும். அடுத்தது வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஓராண்டுக்குக் குத்தகைக்கு விடுதல். அதன்பின் கொசு ஒழிப்புப் பணிக்குத் தினக்கூலிக்கு ஆள் வைத்தல், பேருந்து நிலையக் கடைகளின் வாடகை நிலுவை, பழுதுற்ற மின்மோட்டாரைச் சீர்செய்த செலவு என வரிசை நீளும். எல்லாம் ஒரே வகையான உயிரற்ற நடையில் எழுதப்பட்டிருக்கும். ஆயினும் அந்நடையைப் படிக்கப் பழகியவருக்கு அதில் பல செய்திகள் புலப்படும்.

ஒரு சான்று கூறுவோம். “அவசர அவசியம் கருதி இப்பணி உடனடியாக மேற்கொள்ளப்பட்டது, செலவினத்திற்கு மன்றத்தின் பின்னேற்பு அனுமதி வேண்டப்படுகிறது” என்று ஒரு பொருள் இருக்கிறது என்று கொள்வோம். இதன் கருத்து யாது? வேலை முடிந்துவிட்டது, பணமும் செலவாகிவிட்டது, அல்லது செலவாகப் போகிறது, இப்பொழுது மன்றம் அதற்கு இசைவளிக்க வேண்டும் என்பதே. நள்ளிரவில் பெருங்குழாய் உடைந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடும்போது, மன்றம் கூடும் வரை காத்திருக்க இயலாது. ஆகவே பின்னேற்பு என்னும் முறை தேவையானதே. ஆனால், அவசரமில்லாத வேலையும் அவசரம் என்னும் ஆடை உடுத்து வருவதுண்டு. ஆகையால், பின்னேற்பு என்னும் சொல்லைக் கண்டவுடன் விழிப்புள்ள உறுப்பினர் எழுந்து, “தலைவர் அவர்களே, குழாய் எந்த நாளில் உடைந்தது? எத்தனை ஆட்கள் வேலை செய்தனர்?” என்று கேட்பார். இவ்விரு கேள்விகளுள் ஊரார் செலுத்திய வரிப்பணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இக்கேள்வியைக் கேட்பதற்கே அவரை மக்கள் அனுப்பினர்.

கூட்டம் நடைபெறும் முறை எளியது. தலைவர் தலைமை வகிப்பார். சட்டம் குறிக்கும் அளவுக்கு உறுப்பினர் வந்திராவிடில் கூட்டம் நடவாது. ஒவ்வொரு பொருளையும் படித்தபின் உறுப்பினர் தம் கருத்தைக் கூறுவர். கருத்து வேறுபட்டால் வாக்கெடுப்பு நிகழும். இருபுறமும் வாக்குகள் சமமானால் தலைவர் தமது முடிவு வாக்கை அளிப்பார். ஏற்கப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது என்னும் முடிவு தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும். மறுத்தவர் பெயரும் அதில் இடம்பெறலாம். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு குளம் ஏன் மனையாயிற்று என்று ஒருவர் ஆராயப் புகுவாராயின், அப்புத்தகமே அவருக்குச் சாட்சி சொல்லும்.

இங்ஙனம் எழுந்து நின்று கேட்கும் உரிமை எளிதில் வந்ததன்று. சேலத்தில் நகராட்சி 1866ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அக்காலத்து நகராட்சிகளில் அதிகாரிகளின் கையே ஓங்கியிருந்தது. 1882ஆம் ஆண்டு மே மாதத்தில் ரிப்பன் பிரபு தலத் தன்னாட்சியைப் பற்றிய தீர்மானமொன்றை வெளியிட்டார். உள்ளூர்க் காரியங்களை உள்ளூராரே நடத்திப் பழகுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. அதே ஆண்டில், சேலத்தில் வழக்குரைஞராக விளங்கிய ஓர் இளைஞர் நகர்மன்ற உறுப்பினரானார். அவர்தாம் பிற்காலத்தில், 1920ஆம் ஆண்டு, நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய சேலம் விஜயராகவாச்சாரியார்.

அவர் உறுப்பினரான அதே 1882ஆம் ஆண்டில் சேலத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. அதைத் தூண்டியவர்களுள் ஒருவர் என்று விஜயராகவாச்சாரியார் மீது குற்றம் சாட்டப்பட்டது. பத்தாண்டுச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டுக் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். இதே வழக்கில் தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காகவும் அவர் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டார். இவற்றைப் பலரும் அறிவர். பலர் அறியாததும் நம் பாடத்திற்கு வேண்டுவதுமான செய்தி இனி வருவது.

கலவரத்தையொட்டி அவர் நகர்மன்ற உறுப்பினர் பதவியினின்றும் நீக்கப்பட்டிருந்தார். பெரும்பழியிலிருந்து மீண்ட ஒருவர், ஊதியமில்லாத ஓர் உறுப்பினர் பதவி போயிற்றே என்று கவலைப்படுவாரோ? அவர் கவலைப்பட்டார். தம்மை நீக்கியது முறையன்று எனக் கூறி, இந்தியா மந்திரியின் மீதே வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது; நூறு ரூபாய் நட்டஈடும் கிடைத்தது; மன்றத்தில் அவருடைய இடமும் மீண்டது. ஒரு பேரரசின் அமைச்சர், சேலம் நகர்மன்றத்தின் ஒரு நாற்காலிக்காக நீதிமன்றத்தில் விடையிறுக்க நேர்ந்தது. நூறு ரூபாய் சிறு தொகைதான். ஆனால், மன்ற உறுப்பினரை அரசு தன் விருப்பம்போல் எடுத்தெறிய இயலாது என்பதை நிலைநாட்டிய தொகை அது.

இனிப் பல ஆண்டுகள் கடந்து வருவோம். சேலத்திற்குக் குடிநீர் வழங்கும் பொருட்டுப் பனமரத்துப்பட்டி ஏரி 1911ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நகர்மன்ற உறுப்பினரானார் மற்றொரு வழக்குரைஞர். அவர் 1917 முதல் 1919 வரை மன்றத் தலைவராகவும் விளங்கினார். பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் உயர்ந்த இராஜாஜியே அவர். ஏறத்தாழ அதே காலத்தில், காவிரியின் மறுகரையிலுள்ள ஈரோட்டில் நகர்மன்றத் தலைவராக இருந்தவர் பெரியார் ஈ. வெ. இராமசாமி. பிற்காலத்தில் அரசியலில் எதிரெதிர்த் திசைகளில் நின்ற இவ்விருவரும், பொதுவாழ்வின் அரிச்சுவடியைக் குழாயிலும் சாக்கடையிலுமே பயின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இராஜாஜி தலைவராக இருந்தபோது சேலம் நகர்மன்றத்தில் தாழ்த்தப்பட்டோருள் ஒருவர் முதன்முதலாக உறுப்பினராவதற்கு அவர் காரணமாயிருந்தார். அக்காலத்து நிகழ்ச்சி மற்றொன்றும் அவருடைய வரலாற்றைக் கூறுவோரால் சொல்லப்படுகிறது. அக்கிரகாரத்திற்குச் செல்லும் குடிநீரைத் திறந்துவிடும் வேலைக்குத் தீண்டத்தகாதவர் என்று அந்நாளில் ஒதுக்கப்பட்டிருந்த ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் கைபட்ட நீரை எங்ஙனம் அருந்துவது என்று தெருவார் கொதித்தெழுந்தனர். தலைவர் தம் முடிவினின்றும் பின்வாங்கவில்லை.

அந்த வேலை நியமனத்தைக் கூட்டப்பொருளாக எழுதினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குடிநீர்ப் பிரிவில் ஒரு கீழ்நிலைப் பணியாளரை நியமித்தல் என்று ஒரே வரியில் அடங்கிவிடும். சந்தைக் குத்தகைக்கும் கொசு ஒழிப்புக்கும் நடுவே எவர் கண்ணிலும் படாமல் கடந்து போகும். ஆயினும் பன்னூறு ஆண்டுகளாக ஒரு சாராரைக் கிணற்றங்கரைக்கு அணுகவொட்டாமல் தடுத்த வழக்கம் அந்த ஒரு வரியோடு மோதியது. யார் தண்ணீர் திறந்துவிடுவது, எந்தத் தெருவுக்கு முதலில் வருவது, எந்தத் தெருவில் குழாயே இல்லை என்பவை பொறியாளருக்கு மட்டும் உரிய கேள்விகளல்ல. இன்றும் கோடைக்காலத்தில் நகர்மன்றங்களில் எழும் வாக்குவாதங்களுள் பெரும்பாலானவை இக்கேள்விகளைப் பற்றியவையே. “என் வட்டத்தில் பத்து நாட்களாகத் தண்ணீர் இல்லை” என்று ஓர் உறுப்பினர் வெற்றுக் குடத்தோடு மன்றத்திற்கு வந்தால், அதை நாடகம் என்று நகைப்பவர் உண்டு. குடத்தைச் சுமந்து நடந்தவர் நகைக்கமாட்டார்.

அக்காலத்தில் எல்லோருக்கும் வாக்குரிமை இல்லை; சொத்தும் வரியும் உடைய சிலருக்கே அது வாய்த்தது. இன்று வயது வந்தோர் அனைவரும் வாக்களிக்கின்றனர். 1993ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தல் நடைபெற வேண்டும் என்று விதித்தது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் பெண்களுக்குரிய பங்கு இப்போது பாதியாக உள்ளது. சேலம் 1994ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. அதன் மன்றத்தில் அறுபது வட்டங்களின் உறுப்பினர் அமர்கின்றனர். நாமக்கல்லும் 2024ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது.

எனினும், சட்டப் புத்தகத்தில் இருப்பதனாலேயே மன்றம் கூடிவிடுவதில்லை. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழகத்து நகர்மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அப்போது நடைபெற வேண்டிய தேர்தல் வழக்குகளால் தடைப்பட்டது. அதன்பின் 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாளில்தான் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு மேலாக, தனி அலுவலர்களே நகராட்சிகளை நடத்தினர். அக்காலத்தில் விளக்குகள் எரியாமற் போகவில்லை; குப்பையும் அள்ளப்பட்டது; அலுவலர் பலர் நன்கு உழைக்கவும் செய்தனர். ஆனால் கூடம் வெறுமையாகக் கிடந்தது. குழாய் எந்த நாளில் உடைந்தது என்று எழுந்து கேட்க அங்கே ஒருவரும் இல்லை. தெருவில் சாக்கடை அடைத்துக் கொண்டால், வட்ட உறுப்பினரின் வீட்டுத் திண்ணையில் சென்று அமரும் வழியும் இல்லாமற் போயிற்று. மனு எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே எஞ்சிய வழி.

மன்றம் மீண்டும் கூடுவதால் மட்டும் எல்லாம் சீராகிவிடும் என்று கருதுவதற்கில்லை. சேலத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றைப் பாருங்கள். சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் அவ்வாறு, சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்து வயல்களின் வழியே சென்று காவிரியிற் கலக்கிறது. நகரத்துக் கழிவுநீரும் சாயக்கழிவும் கலந்து அது நிறம் மாறி ஓடுவதைப் பற்றிக் கீழ்ப்புறத்து உழவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம், புதைசாக்கடை, சாயப்பட்டறைகளைக் கண்காணித்தல் ஆகியவை சேலம் மன்றத்தின் கூட்டப்பொருளில் ஒவ்வொரு வரியாக வருவன. சேலத்து வாக்காளர்களுக்கு அங்கே அறுபது குரல்கள் உண்டு. அந்த நீரைப் பாய்ச்சிப் பயிரிடும் கீழ்ப்புறத்து உழவருக்கு அக்கூடத்தில் ஒரு நாற்காலியும் இல்லை. முன்பு ஒரே மாவட்டமாக இருந்த நிலம் 1997ஆம் ஆண்டில் சேலம் என்றும் நாமக்கல் என்றும் பிரிந்தது. ஆறு அப்பிரிவினையை அறியாது ஓடிக்கொண்டிருக்கிறது.

கூட்டத்தின் இறுதிப் பொருளும் முடிந்துவிட்டது. தலைவர் எழுகிறார். உறுப்பினர் சிலர் வாயிலில் நின்று, உள்ளே பேசிய வேகத்தைவிட மிகுந்த வேகத்தோடு பேசிக்கொண்டிருக்கின்றனர். தம் தெருவிளக்கைப் பற்றிக் கேட்க வந்த முதியவர் ஒருவர், யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். கூடத்தினுள்ளே அலுவலர் ஒருவர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, அன்றைய நாளை மேலே குறித்து, வந்திருந்தோர் பெயர்களை எழுதத் தொடங்குகிறார்.