ஊராட்சியில் நமது பங்கு

குறை இருந்தும் சொல்ல வேண்டிய இடம் தெரியாமையால் பலர் வாளாவிருக்கின்றனர். ஆகவே, யாரிடம் எதைக் கேட்பது என்று அறிவோம்.

தோட்டத்து லயத்தின் வடிகால் அடைபட்டால் அது நிர்வாகத்தின் பொறுப்பு. செய்யாவிடில், தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் இலாகாவிடம் முறையிடலாம். பட்டணத்துச் சந்தை, பொதுக் கால்வாய் முதலியன ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு.

போருக்குப் பின் 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் மக்கள் வாக்களித்து நகராட்சி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். இந்தோனேசிய மோதலின்போது, 1965இல், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவற்றை மீண்டும் நடத்துமாறு ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது. ஆயினும் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலை நீக்கிற்று. தீபகற்பத்து மாநிலங்களில் 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

அப்படியாயின் நமக்குக் குரல் இல்லையா? உண்டு. நியமிக்கும் மாநில அரசைத் தேர்ந்தெடுப்பவர் நாமே. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகின்றனர். அடையாள அட்டையிலுள்ள முகவரியே தொகுதியை முடிவு செய்யும்; தோட்டம் மாறியவர்கள் அதனைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். மேலும், மன்றம் வேறு தீர்மானம் செய்யாதவரை அதன் கூட்டங்களில் பொதுமக்கள் அமர்ந்து கேட்கலாம்.

குறையைத் தேதி, இடம் குறித்து எழுதுங்கள், பலர் ஒப்பமிடுங்கள், நகலொன்றைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்னது மறக்கப்படும். எழுத்தில் தந்ததற்கு விடை கேட்கலாம்.

சிந்திக்க: உங்கள் பகுதியின் மன்ற உறுப்பினர் யார்? உங்கள் அடையாள அட்டை எந்த முகவரியைக் காட்டுகிறது?