இருப்புப்பாதையும் கல்தேரும்

வெளியூர்ப் பயணம் இன்பம் தருவது. ஆயினும், அவ்வின்பம் தானாக வந்து வாய்ப்பதன்று. எங்குச் செல்வது, எவ்வாறு செல்வது, உடன் வருவோர் யாவர் என்பனவற்றை முன்னரே ஆராய்ந்து வகுத்துக்கொண்டால்தான் பயணம் இனிது முடியும். இதனை ஒரு குடும்பத்தார் அறிந்துகொண்ட வகையைக் காண்போம்.

அவர்கள் விழுப்புரத்தில் வாழ்பவர்கள். அவ்வீட்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஊர்திகள் என்றால் அவனுக்கு உயிர். எந்த வண்டி எந்நேரத்தில் எவ்வூருக்குப் புறப்படும் என்று கேட்டால் தடையின்றி விடை கூறுவான். பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் வெளியூர் சென்று வரலாம் என்று தந்தையார் கூறினார். திருக்கழுக்குன்றத்து இறைவனை வழிபட வேண்டும் என்பது பாட்டியாரின் நெடுநாள் விருப்பம். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண வேண்டும் என்றார் தாயார். சிறுவனோ சென்னையையே நினைத்திருந்தான். 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சார்ந்து, 2002ஆம் ஆண்டில் இரயில் அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டது. பழைய இஞ்சின்கள் நிற்கும் அவ்விடத்தையும், 2015ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஓடும் மெட்ரோ வண்டியையும் காண அவன் ஏங்கினான்.

தந்தையார் அனைத்தையும் ஒரு தாளில் எழுதினார். இரண்டு நாளில் ஒன்பது இடங்கள் சேர்ந்துவிட்டன. பாட்டியார் அதனைக் கேட்டுப் புன்னகை செய்தார். “இத்தனை இடங்களுக்கு என் முழங்கால் ஒத்துழைக்காது, அப்பா. நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்றார்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. சிறுவன் தாளை வாங்கிப் பார்த்தான். “கடைசிப் பெட்டியைக் கழற்றி விட்டுவிட்டு இஞ்சின் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தால் என்ன பயன், அப்பா? சென்னையை மற்றொரு முறை பார்க்கலாம். பாட்டி வர வேண்டும்” என்று கூறி, சென்னை இடங்களைத் தன் கையாலேயே அடித்தான். அடிக்கும்போது அவன் முகம் வாடியதைத் தந்தையார் கண்டார். மகனுக்கும் குறை நேராதவாறு வேறு திட்டம் வகுக்க முற்பட்டார். “ஊர்திகளைக் காண்பதற்கென ஓரிடத்திற்குச் செல்வானேன்? செல்லும் வழியையே ஊர்திக் காட்சியாக ஆக்கிக்கொள்ளலாமே!” என்று அவருக்குத் தோன்றியது. அவர் வகுத்த திட்டம் வருமாறு:

முதல் நாள் காலை, விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கற்பட்டுக்குத் தொடர்வண்டியில் செல்வது. பாலாற்றுப் பாலத்தின்மீது வண்டி செல்லும்போது சிறுவனுக்குச் சன்னலோர இருக்கை. செங்கற்பட்டு ஒரு சந்திப்பு நிலையம். காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் பாதை இங்குப் பிரிகிறது. சென்னைக் கடற்கரை நிலையத்திற்குச் செல்லும் மின்தொடர்வண்டிகளும் இங்கிருந்து புறப்படுகின்றன. ஆதலால் நிலையத்திலேயே அரைமணி நேரம் அமர்வது. பாட்டியாருக்கு அஃது ஓய்வு, சிறுவனுக்கு அஃது காட்சி.

அங்கிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நடுவழியில் உள்ளது திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீசுவரர் கோயிலுக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோயில் இருத்தலால், பாட்டியார் தாயாருடன் அங்கு வழிபடுவது. தந்தையும் மகனும் மலையேறி வருவது. பிற்பகலில் பேருந்தில் புறப்பட்டால் மாமல்லபுரத்தை அடுத்துப் பக்கிங்காம் கால்வாய் குறுக்கிடும். பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்ட அந்நீர்வழியில், ஒருகாலத்தில் உப்பும் விறகும் நெல்லும் படகுகளில் சென்றன. இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் பெருகியபின் அப்படகுப் போக்குவரத்து ஒழிந்தது.

இரண்டாம் நாள் வெயில் ஏறுமுன் ஐந்து தேர்களைக் காண்பது. பின்னர்க் கடற்கரைக் கோயிலும் கலங்கரை விளக்கமும். இவற்றுக்கு மேல் ஓரிடமும் சேர்ப்பதில்லை.

அத்திட்டத்தின்படியே அனைவரும் சென்றனர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் பாறையைக் குடைந்தெடுத்த தேர்களின் முன்னே சிறுவன் வியந்து நின்றான். வீமன் தேரின் கூரை, கூண்டு வண்டியின் கூரையைப் போல வளைந்திருப்பதை அவனே முதலில் கண்டான். பின்பு, மணலில் அமர்ந்திருந்த பாட்டியாரிடம் ஓடிச் சென்று, “தேர் என்கிறார்கள், ஒன்றுக்கும் சக்கரமே இல்லையே, பாட்டி! இவை எப்படி ஓடும்?” என்று வினவினான்.

“ஓடவே வேண்டா, கண்ணே. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஊரார் எல்லாம் இவற்றைத் தேடி வருகின்றனர். இந்தக் கிழவியையும் நீ கொண்டுவந்து சேர்த்துவிட்டாயே!” என்றார் பாட்டியார்.

சிறுவன் அவர் அருகில் அமர்ந்துகொண்டான். கலங்கரை விளக்கத்தில் ஏறத் தந்தையார் அழைத்தபோதும், “பாட்டி எழுந்த பிறகு போகலாம்” என்றான். பல இடங்களை விரைந்து காண்பதினும், உடன் வருவோர் அனைவரும் சில இடங்களை மனம் நிறையக் காணுமாறு செல்வதே நல்ல பயணம் ஆகும்.