இரத்தக் குழாயைத் தளர்த்தும் பொட்டாசியம்



சாமை மூட்டையைத் தலையில வெச்சிக்கிட்டு மேடு ஏறும்போது கால் தசைக்கு எப்படி அதிக இரத்தம் போகுது? இதயம் வேகமா அடிக்குதுன்னு சொல்வீங்க. அது பாதி விடைதான். காலில் உள்ள சின்னத் தமனிகளும் விரிகின்றன.

தமனிச் சுவரில் மென்தசை செல்கள் வளையம் வளையமாக உள்ளன. அவை சுருங்கினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். அழுத்தம் மாறாமல் ஆரம் மட்டும் 2 மடங்கானால் 16 மடங்கு இரத்தம் ஓடுமாம்!

இந்த செல்லுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே சுமார் 30 மடங்கு பொட்டாசியம் இருக்கிறது. அது வெளியே போக செல் சவ்வில் தனி வாசல் உண்டு. அதுதான் பொட்டாசியம் கால்வாய். சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது, ஆனாலும் அதில் நுழைய முடியாது. பெரியவனை விட்டுட்டு சின்னவனைத் தடுக்கிற வாசல் எங்கயாவது உண்டா? வாசலின் உட்பக்க ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் அளவுக்கே அமைந்திருப்பதுதான் காரணம். இந்த அமைப்பை 1998இல் கண்டறிந்த ராடரிக் மெக்கின்னனுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வாசல் திறந்தால் நேர்மின் கொண்ட பொட்டாசியம் வெளியேறும். உள்ளே எதிர்மின் கூடும். உடனே கால்சியம் நுழையும் கால்வாய்கள் மூடிக்கொள்ளும். கால்சியம் வராட்டி தசை சுருங்காது, தமனி தளரும்.

மேடு ஏறும்போது வேலை செய்யும் கால் தசையிலிருந்து பொட்டாசியம் கசிகிறது. அது பக்கத்துத் தமனியின் வெளியே கொஞ்சம் சேர்ந்தால் ஒருவகைப் பொட்டாசியம் வாசல் இன்னும் நல்லா திறக்கும். ரொம்ப சேர்ந்தாலோ, தலைகீழாகக் குழாய் சுருங்கிவிடும்!

மினாக்சிடில் என்ற பி.பி. மருந்து இந்த வாசலைத்தான் திறக்கிறது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததால், இப்போ வழுக்கைத் தலைக்கும் தடவுகிறார்கள் (சிரிக்காதீங்க).

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருது. பலர் சாப்பிடும் அம்லோடிபின், கால்சியம் வாசலை நேராக அடைக்கும். எங்க ஆயா, "தலைசுத்தல் நின்னுடுச்சி, மாத்திரை எதுக்கு?"ன்னு நிறுத்தப் பார்த்தாங்க. மருந்து உடம்பில் இருக்கும்வரைதான் வாசல் அடைபடும். நிறுத்தினால் சில நாளில் தமனி மறுபடி இறுகும். பி.பி. ஏறுவது பலருக்கு வெளியே தெரியாது, திடீர்னு பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியும்.

"அப்போ வாழைப்பழம் தின்னா போதாதா?"ன்னு ஆயா கேட்டாங்க. பழம், கீரையில் உள்ள பொட்டாசியம் பி.பி. குறைய உதவும், ஆனா மாத்திரைக்கு ஈடாகாது. சிறுநீரகம் கெட்டவங்களுக்கு அதிலும் கவனம் வேணும். அவங்க இரத்தத்தில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும், ஏன்னா இதய செல்களிலும் இதே வாசல்கள் இருக்கின்றன.

– 9ஆம் வகுப்பு மாணவி