கைக்குழந்தையோடு கடல் தாண்டும் உனக்கு

கண்ணா, பரீட்சை முடிந்ததும் இலங்கைக்குப் போகிறோம், கொழும்பில் இறங்கி வேன் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வரை சுற்றப் போகிறோம், கைக்குழந்தையும் வருகிறது என்று சொன்னாய். சந்தோஷம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். சாயங்கால நெரிசலில் தி.நகரிலிருந்து அடையாறு வந்து சேர அதற்குக் கொஞ்சம்தான் குறைவாக ஆகும். ஆனால் பயணம் என்பது விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான். பிள்ளைகளையும் பிறகு பேரப்பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றி இறக்கியே வயதானவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், உனக்கு உதவுவதை எடுத்துக்கொள்.

1. வீட்டில் சின்னது எதுவோ அதன் வேகம்தான் குடும்பத்தின் வேகம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஏழெட்டு மணி நேரம் என்று போன் காட்டும். அந்தக் கணக்கில் பால் கொடுக்கும் நேரமும் டயப்பர் மாற்றும் நேரமும் சேராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்துக் கைகாலை நீட்டவிடு. அநுராதபுரத்திலோ வவுனியாவிலோ ஓர் இரவு தங்கிவிடு. "இன்னும் இருபது கிலோமீட்டர்தான், போயிடலாம்" என்று வண்டியில் யாராவது சொன்னால் உஷாராகிவிடு. குழந்தை வீறிட்டு அழுவதும் பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அந்தக் கடைசி இருபது கிலோமீட்டரில்தான். பதறாத காரியம் சிதறாது.

2. போட்டிருக்கும் பட்டியலைப் பாதியாக்கு. கண்டி, நுவரெலியா, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம், காலி எல்லாம் ஒரே வாரத்தில் என்பது பெரியவர்களின் ஆசை. எந்தக் குழந்தையும் அதைக் கேட்கவில்லை. சிகிரியாவில் ஏறக்குறைய 1,200 படிகள். கைக்குழந்தையோடு ஒருவர் கீழே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அவர் முகம் சுளிக்காமல் உட்கார்ந்தால் அந்த நாள் எல்லாருக்கும் நல்ல நாள். நம் மயிலையில் பூம்பாவைக்காகப் பதிகம் பாடிய சம்பந்தர் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடியிருக்கிறார். இராமேசுவரத்தில் இருந்தபடியே, கடலைத் தாண்டாமலே பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பார்க்காமல் விட்ட இடத்துக்காக மனம் அடித்துக்கொண்டால் அவரை நினைத்துக்கொள்.

3. மடியைப் பாதுகாப்பு என்று நம்பாதே. இதைச் சொன்னால் உன் மாமியாரே, "நாங்கள் மடியில் வைத்துத்தானே கொண்டுபோனோம்" என்பார். அன்றைய வண்டிகளுக்கு இத்தனை வேகம் கிடையாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், பத்துக் கிலோ குழந்தை அந்தக் கணத்தில் பல மடங்கு எடையோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. நம் நாட்டிலேயே 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம். குழந்தை இருக்கை உண்டா என்று வேன் பேசும்போதே கேள். இல்லை என்றால் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போ. குழந்தை அதில் உட்கார மாட்டேன் என்று அழும். அழட்டும். அங்கே நீ இரங்கக் கூடாது.

4. வண்டி ஓட்டுபவரை வீட்டு மனிதராக நடத்து. நீயே ஓட்டலாம் என்று நினைத்தால், இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓராண்டுக்குத் தரும் சர்வதேச உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஓட்ட முடியாது. அந்த ஊரிலும் அனுமதி வாங்க வேண்டும். கைக்குழந்தையோடு போகும்போது அந்த ஊர்ச் சாரதியை அமர்த்துவதே மேல். நீ சாப்பிடும்போது அவரும் சாப்பிட்டாரா, ராத்திரி அவருக்குப் படுக்க இடம் கிடைத்ததா என்று கேள். ஹபரணைப் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை ரோட்டில் வந்து நிற்கும். அவர் வண்டியை நிறுத்தினால் நீயும் வாயைத் திறக்காமல் இரு. "நேரமாகிறது" என்று அவரைத் துரிதப்படுத்துகிறவன் தன் பிள்ளைகளைப் பணயம் வைக்கிறான்.

5. மூத்த மகளை மறந்துவிடாதே. எல்லாரும் கைக்குழந்தையைச் சுற்றியே நிற்பார்கள். ஒரு பயணத்தில் என் பேத்தி, அப்போது ஐந்து வயது, ஜன்னலைப் பார்த்தபடியே, "பாட்டி, தம்பிக்கு மட்டும்தான் பசிக்குமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள். உன் மூத்தவளுக்கும் ஒரு பொறுப்புக் கொடு. ஒவ்வொரு ஊரிலும் பைகளை எண்ணுவது அவள் வேலை என்று சொல். தினமும் அரை மணி நேரமாவது அப்பாவோ அம்மாவோ அவளுக்கு மட்டும் என்று இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயில் பக்கம் ரியோ ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. தம்பியை விட்டுவிட்டு அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போ.

6. வயிற்றில் பரீட்சை வைக்காதே. ஆறு மாதம் ஆகாத குழந்தை என்றால் தாய்ப்பால்தான், தண்ணீர்கூட வேண்டாம். கொஞ்சம் பெரியது என்றால் வீட்டுக் கஞ்சி மாவை எடுத்துக்கொள். அங்கத்துக் குழம்பு காரம் தூக்கும். பிள்ளைகளுக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் ஒத்துக்கொள்ளும். வழியெல்லாம் செவ்விளநீர் கிடைக்கும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. மலை ஏறும் முன் வயிறு முட்ட ஊட்டாதே, வளைவுகளில் எல்லாம் வெளியே வந்துவிடும். மாற்று உடையும் ஸ்வெட்டரும் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். காய்ச்சல் மருந்தின் அளவைக் குழந்தையின் எடை சொல்லி உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் தெர்மாமீட்டரும் கொசுவலையும் மறக்காதே. அங்கே இலவச ஆம்புலன்ஸுக்கு எண் 1990. இந்தியாவின் உதவியில் 2016இல் தொடங்கிய சேவை அது. கிளம்பும் முன்பே போனில் பதிந்து வை.

7. காகிதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா அனுமதி. குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான். மூத்தவளுடையது எப்போது முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார்.

8. புதுச் செருப்போடு புறப்படாதே. கிளம்பும் முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் வாங்கிய செருப்பு அநுராதபுரத்தில் காலைக் கடிக்கும். எதையும் முன்னாலேயே பழக்கிவிடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை இருக்கையைப் போட்டு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் வா. எதை மறந்தாய் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

9. நீ பிறர் வீட்டுக்குப் போகிறாய் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு. நல்லூரில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விகாரையில் புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்தால் அவர்கள் மனம் நோகும். பௌர்ணமி நாள் அங்கே போயா விடுமுறை, கோயில்களும் சாலைகளும் நிரம்பி வழியும். யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலையில் கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டும்போது பிள்ளை ஏதாவது கேட்கும். 2009 வரை இங்கே போர் நடந்தது, நிறையப் பேர் வீட்டையும் உறவையும் இழந்தார்கள் என்று அமைதியாகச் சொல். எதிரே வருகிற மனிதரிடம் அவர் துக்கத்தைக் கிளறி வேடிக்கை கேட்காதே. அவராகச் சொன்னால் காது கொடுத்துக் கேள். அந்தச் சாலையில் உன் பிள்ளை கற்க வேண்டிய பாடம் அதுதான்.

10. கோபம் வந்தால் முதலில் அதைப் பசி என்று எடுத்துக்கொள். பயணத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டையில் பாதி, சாப்பாடு தள்ளிப்போனதால் வருவது. யார் பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொள்வது, யார் ராத்திரி எழுந்திருப்பது என்று கிளம்பும் முன்பே பேசி வை. "நான் அப்பவே சொன்னேனே" என்ற வார்த்தையைச் சென்னையிலேயே விட்டுவிட்டுப் போ. கைக்குழந்தைக்கு எதுவும் நினைவிருக்காது. மூத்ததற்குச் சிகிரியாவின் உயரம் மறந்துபோகும், வண்டி பழுதாகி நின்ற மத்தியானத்தில் நீ எப்படிப் பேசினாய் என்பது மறக்காது.

இவ்வளவுதான். நல்லபடியாகப் போய் வா. திரும்பி வந்ததும் எத்தனை ஊர் பார்த்தாய் என்று நான் கேட்க மாட்டேன். பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்களா, சாரதிக்கு வயிறார சாப்பாடு போட்டாயா என்று கேட்பேன். இரண்டுக்கும் ஆமாம் என்று நீ சொன்னால், அடுத்த விடுமுறையில் இன்னும் தூரமாகப் போகலாம்.